பனிக்காலத்தில் நட்சத்திர மல்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரேறிப் பூக்கிற கொடிகளில் ஆண்டு முழுக்க இலையோடு நிற்பவை குறைவு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நட்சத்திர மல்லி. உறைபனி விழும் இடங்களில் இதை வளர்ப்பவர்களுக்கு இலையுதிர்காலம் முடியும்போது கவலை தொடங்கிவிடும். அப்போது வழக்கமாக எழும் கேள்விகளுக்கு, பல குளிர்காலம் இந்தக் கொடியோடு இருந்த அனுபவத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

பெயரில் மல்லி இருக்கிறதே, இது மல்லிகை இனமா?

இல்லை. மல்லிகை, முல்லை, பிச்சி எல்லாம் ஆலிவ் மரத்தின் குடும்பம். நட்சத்திர மல்லி அரளியின் குடும்பம். ஓர் இலையைக் கிள்ளினாலே தெரிந்துவிடும், காம்பிலிருந்து வெள்ளைப் பால் வடியும். மல்லிகையில் பால் கிடையாது. பூவின் ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திருகிக் காற்றாடிபோல் நிற்கும். ஒற்றை நந்தியாவட்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சாயல் உடனே பிடிபடும். இரண்டும் ஒரே குடும்பம்தான். வாசனை மட்டும் மல்லிகையை நினைவூட்டுவதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தாவரவியல் பெயர் டிராக்கெலோஸ்பெர்மம் ஜாஸ்மினாய்டிஸ். சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் இயற்கையாக வளர்கிறது. ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரச் சேகரிப்பாளர் 1844இல் ஷாங்காயிலிருந்து இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குண்டுமல்லி வெப்ப நாட்டுச் செடி, ஒரு கடுமையான உறைபனி போதும், தண்டோடு போய்விடும். நட்சத்திர மல்லிக்குச் சொந்த மண்ணிலேயே குளிர்காலம் பழக்கம். அதனால் குண்டுமல்லிக்குச் செய்வதுபோல இதைப் பனிக்காலம் முழுக்கச் சூடான அறையில் அடைத்துவைத்தால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம்.

எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும்?

தரையில் நட்டு, வேர் நன்றாக இறங்கி, காற்று மறைவில் நிற்கும் கொடி ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். மைனஸ் 5க்குக் கீழே போகும்போதே இலை நுனிகளும் இளந்தண்டுகளும் கருகலாம், ஆனால் அடித்தண்டு பிழைத்துக்கொள்ளும். நட்டு ஓராண்டுகூட ஆகாத கன்றுக்கும் தொட்டிச் செடிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மைனஸ் 3, மைனஸ் 4 என்றாலே அவற்றைக் கவனிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ஓர் இரவு மைனஸ் 8க்கு இறங்கி, மறுநாள் மதியம் மண் இளகிவிட்டால் கொடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மைனஸ் 4 மட்டும்தான், ஆனால் பத்து நாள் விடாமல், வறண்ட காற்றோடு என்றால் அதுதான் ஆபத்து. ஏன் என்பது அடுத்த பதிலில்.

உங்கள் இடத்தில் குளிர் இதைவிடக் கடுமை என்றால், இதன் நெருங்கிய உறவான ஆசியாட்டிகம் இனத்தைப் பாருங்கள். இலையும் பூவும் கொஞ்சம் சிறியவை, பூ சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை, குளிர் தாங்கும் திறன் கூடுதல்.

குளிரில் கொடி உறங்கத்தானே செய்கிறது? அப்புறம் எதற்குக் கவனிப்பு?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடி இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலையுதிர்க்கும் கொடி குளிர் வருமுன் கடையை மூடிவிடுகிறது. இலை இல்லை, அதனால் நீர்ச்செலவும் ஏறக்குறைய இல்லை. நட்சத்திர மல்லி அப்படிச் செய்வதில்லை. வளர்ச்சி நின்றிருக்கும், ஆனால் நூற்றுக்கணக்கான இலைகள் வெயிலிலும் காற்றிலும் திறந்து கிடக்கும். இலை இருக்கும்வரை அதன் வழியாக நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கோடையைவிடக் குறைவுதான், ஆனால் நிற்பதில்லை.

வெளியேறிய நீரை வேர் ஈடுகட்ட வேண்டும். மண் குளிர்ந்திருக்கும்போது வேர் மெதுவாகத்தான் உறிஞ்சும். மண்ணில் இருக்கும் நீர் உறைந்துவிட்டால் உறிஞ்சவே முடியாது. மேலே செலவு நடக்கிறது, கீழே வரவு இல்லை. காற்று வேகமாக அடித்தால் இலையை ஒட்டியிருக்கும் ஈரத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும், செலவு இன்னும் கூடும். சில நாள் இப்படிப் போனால் இலை ஓரத்திலிருந்து காயத் தொடங்கும். பார்ப்பவர்கள் "குளிரில் கருகிவிட்டது" என்பார்கள். உண்மையில் பல நேரம் அது தாகத்தால் காய்ந்தது.

இது புரிந்துவிட்டால் மூடாக்கு (வேர்மண்மேல் பரப்பும் இலைமக்கு, மரப்பட்டைத் தூள்) எதற்கு, காற்றுத் தடுப்பு எதற்கு, எந்தச் சுவர் நல்லது, எப்போது தண்ணீர் என்று எல்லாமே தானாக விளங்கிவிடும்.

அப்படியென்றால் குளிர்காலத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

ஆம், ஆனால் கோடைக் கணக்கில் அல்ல. விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்திலும் ஈரம் தட்டுப்படவில்லை என்றால் ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், மேல்மண் வெளிறியிருந்தாலும் பரவாயில்லை. நாள் குறித்து ஊற்றுவது இந்தப் பருவத்தில் வேண்டாம். தரையில் நிற்கும் பழைய கொடிக்கு மழையே பெரும்பாலும் போதும்.

ஊற்றும் நேரம் முக்கியம். மண் இளகியிருக்கும் நாளில், காலைக்கும் மதியத்துக்கும் இடையில் ஊற்றுங்கள். இரவு வருமுன் தண்ணீர் கீழே இறங்கியிருக்க வேண்டும். உறைந்த மண்மேல் ஊற்றினால் அது மேலேயே பனிக்கட்டியாக நிற்கும், வேருக்குப் போகாது. நீண்ட குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு சொன்னால், அதற்கு முதல்நாள் மண்ணைச் சரிபார்த்து, காய்ந்திருந்தால் நன்றாக நனைத்துவிடுங்கள். ஈர மண் வறண்ட மண்ணைவிட வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும், இலையிலும் நீர் நிறைந்திருக்கும்.

என் முதல் தொட்டிச் செடியை நான் இழந்தது இந்த இடத்தில்தான். கூரை இறவாணத்தின் கீழே, சுவரோரமாக, பனி படாத இடம் என்று தேடி வைத்திருந்தேன். துணி சுற்றி அழகாகப் போர்த்தியும் இருந்தேன். குளிர்காலக் கடைசியில் துணியை அவிழ்த்தபோது இலைகள் அத்தனையும் கையில் நொறுங்கின. மண்ணைத் தொட்டால் புழுதி. மூன்று மாதமாக ஒரு துளி மழைகூட அந்த இறவாணத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. திறந்தவெளியில் போர்வையே இல்லாமல் நின்ற இன்னொரு தொட்டி பச்சையாக இருந்தது. அன்றிலிருந்து குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை விரல் வைத்துப் பார்க்காமல் இருந்ததில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தண்ணீர் தேங்கும் மண்ணில் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரும் நீர் உறிஞ்சாது, எனவே இலை காய்வது பார்க்க ஒரேமாதிரி இருக்கும். காய்ந்திருக்கிறதே என்று இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. அதனால்தான் முதலில் இலையைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

இலையெல்லாம் சிவந்துவிட்டது. செடி சாகிறதா?

பெரும்பாலும் இல்லை. குளிர் வந்தால் நட்சத்திர மல்லியின் இலை கருஞ்சிவப்பாகவோ வெண்கல நிறமாகவோ மாறுவது அதன் இயல்பு. வெயில் நன்றாகப் படும் பக்கத்தில் நிறம் அடர்த்தியாக இருக்கும். குளிரில் இலையால் ஒளியை முழுவதுமாகப் பயன்படுத்த முடியாது. மிஞ்சும் ஒளி பச்சையத்தைச் சிதைத்துவிடாமல் இருக்க, இலை ஆந்தோசயனின் என்ற செந்நிறமியைக் குடைபோல விரித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். வெயில் சூடேறியதும் பச்சை திரும்பிவிடும். வில்சனி என்ற வகையை இந்தச் சிவப்புக்காகவே விரும்பி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மங்கலான மாதங்களில் சுவர் முழுக்க அந்த நிறம் பரவியிருப்பதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

இலையைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தாலும் தடிப்பாக, பளபளப்பாக, வளைத்தால் வளைந்து கொடுத்தால் நலமாக இருக்கிறது. பழுப்பாகி, ஓரம் சுருண்டு, நொறுங்கினால் அது நீரின்றிக் காய்ந்தது அல்லது உறைபனிக் காயம். அடிப்பகுதியில் சில பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பசுமை மாறாத கொடி என்றால் ஒரே இலை காலமெல்லாம் நிற்கும் என்று பொருள் இல்லை. பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் நிறம் கொடி முழுக்கப் பரவினால் மட்டும் வேரில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

தொட்டியில் வளர்க்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

தொட்டிச் செடிக்குத்தான் குளிர்காலம் நிஜமான சோதனை. எந்தச் செடியிலும் வேர், தண்டைவிடக் குளிருக்குப் பயந்தது. தரையில் சுற்றிலும் இருக்கும் மண் போர்வைபோல அதைக் காக்கிறது. தொட்டியில் நாலு பக்கமும் காற்றுதான். தரை மேலிருந்து மட்டும் உறையும். தொட்டி எல்லாப் பக்கமும் உறைந்து, உள்ளே இருக்கும் மண் ஒரே கட்டியாகிவிடும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி, காற்று நேராக அடிக்காத மூலை நல்லது. சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இரண்டு மூன்று தொட்டிகள் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, நட்சத்திர மல்லியை நடுவில் விடுங்கள். கொடி ஏற்கெனவே கம்பியிலோ பந்தலிலோ பின்னிக்கொண்டு நகர்த்த முடியாமல் இருந்தால் வலுக்கட்டாயமாகப் பிரிக்காதீர்கள். தொட்டியை மட்டும் நன்றாகச் சுற்றினால் போதும்.

சுற்றுவதற்குக் கோணிச்சாக்கு, பழைய கம்பளி, குமிழி உறை, தடித்த அட்டை என எது கிடைத்தாலும் சரி. இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றிக் கட்டுங்கள். தொட்டியின் அடித்துளையை மட்டும் மூடிவிடக் கூடாது. தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் நிற்கும் நீர் உறைந்து துளையை அடைத்துவிடும். தொட்டியை மூன்று செங்கல் துண்டுகளின்மேல் தூக்கிவைத்தால் வடிகால் தடையில்லாமல் இருக்கும். மண் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும்; ஈரம் குடித்த மண் தொட்டி அந்த அழுத்தத்தில் பிளந்துவிடும்.

மேல்மண்ணில் இலைமக்கு அல்லது மரப்பட்டைத் தூள் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். இரண்டு விரல் இடைவெளி விடாவிட்டால் அங்கே ஈரம் தங்கித் தண்டு அழுகும்.

தொட்டி மாற்றுவதையும் வேரைக் கலைப்பதையும் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். குளிரில் அறுந்த வேர் ஆறாது.

வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாமா?

கடுங்குளிர் இடத்தில் தொட்டிச் செடி என்றால் கொண்டுவரலாம், ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளிச்சமும் குளிர்ச்சியும் சேர்ந்த இடம் வேண்டும். சூடுபடுத்தாத கண்ணாடி வராந்தா, வெளிச்சமுள்ள மாடிப்படி, ஜன்னல் வைத்த கொட்டகை மாதிரி. 5 முதல் 10 டிகிரி இருந்தால் அருமை.

சூடான வரவேற்பறை வேண்டாம். வெப்பமூட்டி காற்றை வறட்டும், இலை உதிரும், சிலந்திப் பேன் பெருகும். அதைவிட மோசம், வசந்தம் வந்துவிட்டது என்று நினைத்துக் கொடி வெளிறிய, நீளமான தளிர் விடும். அது வெளியே போனதும் முதல் குளிர்காற்றிலேயே வாடிவிடும். அடுத்த பருவத்துப் பூவும் குறையும்.

திரும்ப வெளியே வைக்கும்போது ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். பகலில் சில மணி நேரம் நிழலில், மாலையில் உள்ளே என்று பத்து நாளாவது பழக்குங்கள்.

கொடியைத் துணியால் போர்த்துவது எப்படி?

காற்று புகும் துணியாக இருக்க வேண்டும். செடிகளுக்கென்றே விற்கும் மெல்லிய வெள்ளை உறைபனித் துணி நல்லது, பழைய பருத்தி விரிப்பும் ஆகும். பிளாஸ்டிக் தாள் நேராக இலைமேல் படக் கூடாது. உள்ளே வியர்த்து, அந்த ஈரம் இலையிலேயே உறையும். வெயில் வந்தால் உள்ளே வெந்தும் போகும்.

உறைபனி எதிர்பார்க்கும் இரவில் பொழுது சாயும்போது போர்த்தி, காலையில் பனி இளகியதும் எடுத்துவிடுங்கள். துணியைத் தரைவரை இறக்கி விடுவது நல்லது, மண்ணிலிருந்து எழும் வெதுவெதுப்பு உள்ளேயே தங்கும். நிலைகொண்ட கொடிக்கு ஒவ்வோர் இரவும் இந்தச் சடங்கு தேவையில்லை. கன்றுக்கும், வழக்கத்தை மீறிய குளிருக்கும் மட்டும் போதும்.

பனி பொழிந்து கொடிமேல் குவிந்தால்? ஈரப் பனியின் கனம் கொடியைக் கொழுகொம்போடு சேர்த்து இழுத்துவிடும். துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடுங்கள். கட்டியாக உறைந்துவிட்டதைத் தட்டவே தட்டாதீர்கள், இலையும் தண்டும் கண்ணாடிபோல் முறியும். அது தானாக உருகட்டும்.

எந்தச் சுவரில் ஏற்றினால் குளிர்காலத்தைச் சுலபமாகத் தாண்டும்?

மதிய வெயில் விழும் சுவர். வட அரைக்கோளத்தில் தெற்கு அல்லது மேற்குப் பார்த்தது, தென் அரைக்கோளத்தில் வடக்கு அல்லது மேற்கு. கிழக்குச் சுவர் பார்க்க நல்லதாகத் தெரியும், ஆனால் உறைந்த இலைமேல் விடிந்ததும் வெயில் அடிக்கும். இலை சூடேறி நீரை விடத் தொடங்கும்போது தண்டும் மண்ணும் இன்னும் உறைந்தே இருக்கும். கிழக்குச் சுவர்தான் இருக்கிறது என்றால், உறைபனி நாட்களில் காலை வெயிலை மறைக்க ஒரு துணித்திரை போதும்.

நடும்போது சுவரிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி நட்டு, கொடியைச் சாய்த்துக் கம்பிக்குக் கொண்டுபோங்கள். சுவரடியில் மழை விழுவதில்லை.

குளிர்காலத்தில் கவாத்து செய்யலாமா?

வேண்டாம். இலையுதிர்காலத்தில் வெட்டினால் வெட்டிய இடத்தில் இளந்தளிர் கிளம்பும், அது முற்றுவதற்குள் பனி பிடித்துக்கொள்ளும். நடுக் குளிர்காலத்தில் வெட்டினால் காயம் ஆறாமல் திறந்தே கிடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பூ வருவது பழைய தண்டுகளிலிருந்து கிளைக்கும் குட்டைக் கிளைகளில். பூப்பதற்கு முன்னால் நிறைய வெட்டினால் அந்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். கோடையில் பூத்து ஓய்ந்தவுடன் வடிவத்துக்குக் கவாத்து செய்யுங்கள். காய்ந்துபோன, நைந்த கொடிகளை மட்டும் வசந்தத் தொடக்கத்தில் எடுக்கலாம். இப்போது காற்றில் ஆடி அறுபடும்போல் நீண்ட கொடி ஏதாவது இருந்தால் வெட்டாமல், மெல்லிய கயிற்றால் தளர்வாகக் கட்டிவையுங்கள்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

உரம்?

கோடைக் கடைசியோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால் தண்டு முற்றாமல் தளிர்விட்டுக்கொண்டே இருக்கும். மறுபடி தொடங்குவது வசந்தத்தில் புதுத்துளிர் தெரிந்த பிறகு.

இலையில் பிசுபிசுப்பும் கரும்பூச்சும் இருக்கிறது. குளிர்காலத்தில் பூச்சி இருக்குமா?

இருக்கும். பிசுபிசுப்பு செதில் பூச்சியின் கழிவு, அதன்மேல் வளர்வது கரும்பூஞ்சை. கொடியை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ வைத்தவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஒட்டிச் சின்னப் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருக்கும். அசையாமல் கிடப்பதால் பூச்சி என்றே தோன்றாது.

குறைவாக இருந்தால் நகத்தாலோ மென்மையான பல் துலக்கியாலோ சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். குளிர்காலம் இதற்கு நல்ல நேரம், இளந்தளிர் இல்லாததால் பொறுமையாக ஒவ்வொரு கொடியாகப் பார்க்கலாம். எண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் உறைபனி இல்லாத, 5 டிகிரிக்கு மேலான நாளில் மட்டும். பூச்சி போனால் கரும்பூஞ்சைக்குச் சாப்பாடு கிடையாது, மழையிலேயே கழுவிப் போய்விடும்.

இலையுதிர்காலக் கடைசியில்தான் நட்டேன். பிழைக்குமா?

பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் இந்த முதல் குளிர்காலத்தில் அதைத் தொட்டிச் செடியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வேர் இன்னும் வாங்கிவந்தபோது இருந்த மண்கட்டியைத் தாண்டியிருக்காது. அந்தக் கட்டி சுற்றியுள்ள மண்ணைவிடச் சீக்கிரம் காயும், அதனால் விரல் வைத்துப் பார்ப்பது கட்டிக்குள்ளேதான். வேர்ப்பகுதியில் எட்டு சென்டிமீட்டர் மூடாக்கு, காற்று வரும் பக்கம் ஒரு தடுப்பு, உறைபனி இரவில் துணி. இன்னும் நடவில்லை என்றால் வசந்தம்வரை பொறுத்திருங்கள்.

முழுக்கக் கருகிவிட்டது. பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் உயிருள்ள எத்தனையோ கொடிகள் வசந்தத்தின் முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போகின்றன.

நகத்தால் தண்டின் தோலை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. வெளிர் பழுப்பாக, உலர்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கீழே கீறுங்கள். நட்சத்திர மல்லியில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு: உயிருள்ள தண்டில் கீறினால் பால் துளிர்க்கும். நுனியிலிருந்து தொடங்கித் தரைவரை சோதியுங்கள். பச்சை தொடங்கும் இடத்தை நூல் கட்டிக் குறித்துவையுங்கள், உடனே வெட்ட வேண்டாம். கடைசி உறைபனி தாண்டியதும் அந்த நூலுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.

தரைவரை பச்சை இல்லாவிட்டாலும் கோடைத் தொடக்கம்வரை காத்திருங்கள். என்னிடம் ஒரு கொடி அப்படித்தான் முழுக்கப் பழுப்பாகி நின்றது. தரையோடு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையும் நடாமல் விட்டுவைத்தேன். மற்ற கொடியெல்லாம் மொட்டு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மண்ணிலிருந்து செம்புநிறத்தில் இரண்டு தளிர் எட்டிப் பார்த்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பூ இல்லை. மூன்றாம் ஆண்டு பூத்தது.

காய்ந்த இலைகள் உதிராமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் குளிர் முடியும்வரை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் மொட்டுகளுக்கு அவை மறைவு.

வேறு பூங்கொடிகளுக்கும் இதே முறைதானா?

தண்ணீர், காற்று, வடிகால் பற்றிச் சொன்னது பசுமை மாறாத எல்லாக் கொடிக்கும் பொருந்தும். குளிர் தாங்கும் எல்லைதான் வேறு.

காகிதப்பூவும் மாண்டிவில்லாவும் உறைபனியைத் தாங்காது. காகிதப்பூவை 5 டிகிரிக்குக் கீழே போகவிடாமல், மண்ணை ஏறக்குறைய உலர்வாகவே வைத்திருக்க வேண்டும். குளிரில் அது இலை உதிர்த்தாலும் கவலையில்லை. மாண்டிவில்லாவுக்கு 10 டிகிரியாவது வேண்டும். மடகாஸ்கர் மல்லி என்ற ஸ்டெபனோடிஸ் இன்னும் சூடு கேட்கும், 13 டிகிரிக்குக் கீழே போனால் முகம் வாடிவிடும். இவை மூன்றையும் உள்ளே எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆர்மண்டி கிளெமாட்டிஸ் குளிர் தாங்கும், ஆனால் காற்றைத் தாங்காது. வசந்தத் தொடக்கத்திலேயே பூப்பதால் அதன் மொட்டுகள் குளிர்காலத்திலேயே தயாராக இருக்கும். அதில் அப்போது கத்தரி வைப்பது பூவை வெட்டுவதற்குச் சமம்.

மஞ்சள் பூ பூக்கும் கரோலைனா மல்லியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் பசுமை மாறாத கொடி, அதுவும் பெயரில்தான் மல்லி. ஆனால் வேர், இலை, பூ, தேன் அத்தனையும் நஞ்சு. குழந்தைகள் பூவை வாயில் வைத்து உறிஞ்சும் வீட்டில் அதை வளர்க்காதீர்கள். நட்சத்திர மல்லி அப்படிப்பட்ட நச்சுக்கொடி இல்லை.

போர்வையை எப்போது எடுக்கலாம்?

தொட்டியைச் சுற்றிய உறையைப் பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும்போது அவிழ்க்கலாம். மூடாக்கை எடுக்க வேண்டியதில்லை, அங்கேயே மக்கட்டும். மேல்துணியை மட்டும் மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், உள்ளே பூட்டிவிடாதீர்கள். வசந்தத்தின் நடுவில் வரும் தாமதப் பனிதான் பலரை ஏமாற்றும். குளிர்காலம் முழுக்கத் தாங்கிய முற்றிய இலைக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் புதிதாக விட்ட இரண்டு அங்குலத் தளிரை ஒரே இரவில் கறுக்கவைத்துவிடும். அப்படி ஆனால் கறுத்த நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். அதற்குக் கீழே இலைக்கணுவில் காத்திருக்கும் மொட்டு இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பூ கொஞ்சம் தாமதமாக வரும்.